பால் இல்லாத கோல்ட் காபி: ஒரு சின்ன சரித்திரம், கடைசியில் செய்முறை

இந்தப் பதிவு சமையல் குறிப்பா, சரித்திரமா என்று கேட்டால், ரெண்டும்தான். முதலில் சரித்திரம், கடைசியில் செய்முறை. கொல்கத்தா வெயிலில் வியர்த்துக்கொண்டு படிப்பவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன் :-)

விஷயம் இதுதான். எங்கள் வீட்டில் மகளுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. தயிர், மோர் பரவாயில்லை. காலையில் அரை டம்ளர் ஃபில்டர் காபியும் பிரச்சினை இல்லை. ஆனால் தோழிகளோடு வெளியே போய் ஒரு பெரிய கிளாஸ் கோல்ட் காபி குடித்துவிட்டு வந்தால் அன்று ராத்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவாள். "நம்ம குடும்பத்துல யாருக்கும் இப்படி கிடையாது" என்று சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு முறை சொல்லி, அவளுக்கு 'நோஞ்சான்' என்று பட்டமும் கட்டிவிட்டார்கள். பதினேழு வயசுப் பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஊர் விட்டு ஊர் மாற்றலாகி, மூணாவது பள்ளிக்கூடத்தில் புதிதாக சிநேகிதம் பிடித்தவள். அவர்கள் கூப்பிடும் இடத்துக்கெல்லாம் வரவில்லை என்று எத்தனை தடவை சொல்வாள்?

நான் பி.காம். படித்து பாங்க்கில் சேர்ந்தவன். மருத்துவம் தெரியாது. ஆனால் 'யாருக்கும் கிடையாது' என்று யாராவது சொன்னால், எண்ணிக்கை எங்கே என்று கேட்கிற தொழில் புத்தி உண்டு. தேடினேன். எண்ணிக்கை இருக்கிறது.

1981-ல் இந்திய மருத்துவர்கள் சிலர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வடக்கிலும் தெற்கிலும் ஆரோக்கியமாக இருந்தவர்களைக் கூப்பிட்டு, பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை அவர்கள் உடம்பில் செரிக்கிறதா என்று சோதித்தார்கள். டெல்லியில் 27.4 சதவீதம் பேருக்கு அது சரியாகச் செரிக்கவில்லை. தெற்கே இரண்டு ஊர்களில் 66.6 சதவீதம் பேருக்கு! அதாவது தென்னிந்தியரில் மூன்றில் இரண்டு பேர். நோஞ்சான் யார், மெஜாரிட்டி யார் என்று இப்போது சொல்லுங்கள்.

காரணம் எளிது. பால் குடிக்கிற குழந்தைக்கு லாக்டோஸைச் செரிக்க லாக்டேஸ் என்ற நொதி சுரக்கும். பால்குடி மறந்த பிறகு அது குறைந்துபோவதுதான் பாலூட்டிகளின் இயல்பு. ஆயிரக்கணக்கான வருஷங்களாக மாடு மேய்த்துப் பச்சைப்பால் குடித்த சில கூட்டங்களில் மட்டும், மரபணுவில் ஒரு சின்ன மாற்றத்தால், அந்தச் சுரப்பு வயசான பிறகும் நிற்காமல் தொடர்ந்தது. ஐரோப்பாவில் காணப்படும் அதே மாற்றம் இந்தியாவிலும் இருக்கிறது, வடமேற்கில் அதிகம், தெற்கிலும் கிழக்கிலும் குறைவு என்று பின்னால் வந்த மரபணு ஆராய்ச்சிகள் காட்டின. பஞ்சாபியர் பெரிய டம்ளர் நிறையப் பால் குடித்துவிட்டு ஏப்பம் விடுவதும், நாம் பாலைத் தயிராக்கி, தயிரை மோராக்கிக் குடிப்பதும் ருசி விஷயம் மட்டும் இல்லை போல. பால் புளிக்கும்போது லாக்டோஸில் ஒரு பகுதியை நுண்ணுயிர்களே தின்றுவிடுகின்றன.

அப்படியானால் காலைக் காபி ஏன் ஒன்றும் செய்வதில்லை? இதுவும் கணக்குதான். 100 மில்லி பாலில் சுமார் 5 கிராம் லாக்டோஸ். செரிமானக் குறை உள்ளவர்களிலும் பெரும்பாலோர் ஒரே சமயத்தில் 12 கிராம் வரை தாங்கிவிடுவார்கள் என்கிறார்கள். நம் டம்ளர் காபியில் இருப்பது அதில் பாதிகூட இல்லை. கடையில் கிடைக்கும் கோல்ட் காபி அப்படியா? கால் லிட்டர் பால், மேலே ஐஸ்கிரீம் ஒரு கரண்டி. வரம்பு தாண்டி ஓவர்டிராஃப்ட்!

இதை நான் வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் அதுவரை சும்மா இருந்த அம்மா வாயைத் திறந்தார். அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம், 1951-ல் பிறந்தவர். பேத்தியிடம் சொன்னார்: "ஏட்டி, எனக்கும் பாலு குடிச்சா வயிறு கடமுடாங்கும். யார்ட்ட சொல்ல? எங்க காலத்துல பாலு எங்க இருந்துச்சு? கறக்குறது விலைக்குப் போகும், மிச்சம் கைப்புள்ளைக்கு. எங்களுக்கு மோரு. காப்பின்னா கருப்பட்டி போட்ட கடுங்காப்பிதான்." அவள் "ஆச்சி, இதை இத்தனை நாள் ஏன் சொல்லலை?" என்றாள். "கடுங்காப்பி குடிச்சோம்னு பெருமையா சொல்லவா முடியும்?" என்றார் அம்மா.

அந்தக் கேள்விதான் என்னை இந்தப் பதிவு எழுத வைத்தது. பால் இல்லாத காபி என்றால் ஏன் வெட்கம்? எப்போதிலிருந்து?

காபி பிறந்தபோது அதில் பால் கிடையாது. 15-ம் நூற்றாண்டில் யேமன் நாட்டு சூஃபிகள் இரவு வழிபாட்டில் தூங்காமல் இருக்கக் குடித்தது கறுப்புக் கஷாயம்தான். 17-ம் நூற்றாண்டில் மெக்கா போய்த் திரும்பிய பாபா புதன் ஏழு கொட்டைகளை ஒளித்து எடுத்து வந்து சிக்மகளூர் மலையில் நட்டார் என்பது ஐதீகம். நம் தமிழ் வீடுகளுக்குள் காபி வந்ததோ வெகு தாமதம். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் நுழைந்து, 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடுத்தர வர்க்க வீடுகளைப் பிடித்துக்கொண்டது. ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' புத்தகத்தைப் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். காலையில் நீராகாரமும் பழையதும் சாப்பிட்ட ஜனங்களைக் கெடுக்க வந்த வெள்ளைக்காரச் சரக்கு என்று காபியைத் திட்டியவர்கள் அன்று ஏராளம். இன்று 'நம் பாரம்பரியம்' என்று மார்தட்டுகிறோம். சரி, நூறு வருஷத்தில் பாரம்பரியம் ஆகிவிட்டது, தப்பில்லை.

ஆனால் அந்த நூறு வருஷத்திலும் எல்லா வீட்டுக் காபியிலும் கெட்டிப் பால் இருந்ததா? இங்கேதான் பால் கணக்கைப் பார்க்க வேண்டும். 1950-51-ல் இந்தியாவின் மொத்தப் பால் உற்பத்தி சுமார் 1 கோடியே 70 லட்சம் டன். தலைக்கு ஒரு நாளைக்கு 130 கிராம் அளவு. ஜனத்தொகை ஏறியதால் 1970 வாக்கில் அது இன்னும் குறைந்தது. 1965-ல் தேசியப் பால்வள வாரியம் வந்து, 1970-ல் குரியன் தலைமையில் 'ஆபரேஷன் ஃப்ளட்' தொடங்கி, 1996 வரை நடந்தது. 2023-24-ல் உற்பத்தி 23 கோடியே 93 லட்சம் டன், தலைக்கு ஒரு நாளைக்கு 471 கிராம். ஆக, அம்மா பிறந்த வருஷத்துக்கும் இன்றைக்கும் நடுவில் ஒருவர் பங்குக்கு வரும் பால் மூன்றரை மடங்கு கூடியிருக்கிறது. அந்த 130-ம் சராசரிதான். ஊருக்கு நாலு வீட்டில் சொம்பு நிறையப் பால் இருந்தால் மற்ற வீடுகளில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

அதனால்தான் பால் காபி ஒரு அந்தஸ்து. வந்தவர்களுக்குக் கள்ளிச்சொட்டு மாதிரி காபி கொடுத்தால் நல்ல குடும்பம். கடுங்காப்பி கொடுத்தால் இல்லாத வீடு. என் அப்பாவுக்கு உத்தியோகம் கிடைத்த பிறகு எங்கள் வீட்டில் நடந்த முதல் முன்னேற்றமே காலையில் பால் வாங்க ஆரம்பித்ததுதான் என்று அம்மா சொல்வார். அப்படி ஏறி வந்த படியிலிருந்து இறங்குகிற மாதிரி அவருக்குத் தோன்றுகிறது. பேத்திக்கு வயிற்று வலி என்றால் பாட்டிக்கு மனவலி. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: பழைய கணக்கைத் திறந்து பார்ப்பது.

நிற்க. காபி ஆயிற்று, இனி ஐஸ். இதற்கு நான் இப்போது வேலை பார்க்கும் கொல்கத்தாவுக்கே பெரிய பங்கு உண்டு.

அந்தக் காலத்தில் ஹூக்ளி பக்கம் குளிர்கால இரவுகளில் ஆழமில்லாத மண்தட்டுகளில் தண்ணீர் ஊற்றிவைத்து, விடிவதற்குள் மேலே படிகிற மெல்லிய பனியைச் சேர்ப்பார்கள். அழுக்கும் சேறுமாக இருக்கும். 1833 மே மாதம் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் ஐஸோடு கிளம்பியது. அமெரிக்க ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டி எடுத்த கட்டிகள். அனுப்பியவர்களில் முக்கியமானவர் ஃப்ரெடரிக் டியூடர். பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்டி, நாலு மாதம் கழித்து, செப்டம்பரில் இங்கே வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் மிச்சம் இருந்தது. பாதிக்கும் மேல் கரையாமல் வந்ததே அதிசயம். ஊரே திரண்டது. கவர்னர் ஜெனரல் பெண்டிங்க், கூட வந்த வியாபாரிக்குக் கோப்பை பரிசளித்தார்.

இதில் என்னைப் போன்ற பாங்க் ஆசாமிக்குப் பிடித்த பகுதி வேறு. இதே டியூடர் 1830-களில் காபி விலை ஏறும் என்று ஊக வியாபாரம் பண்ணிக் கையைச் சுட்டுக்கொண்டார். இரண்டு லட்சம் டாலருக்கு மேல் கடன். அந்தக் கடனை அடைக்க அவருக்குக் கைகொடுத்ததில் கல்கத்தா ஐஸ் லாபத்துக்குப் பெரிய பங்கு! காபியில் விட்டதை ஐஸில் எடுத்தார் மனிதர். கோல்ட் காபிக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோடி உண்டா?

1842-ல் சென்னையிலும் அவர் கம்பெனி ஒரு ஐஸ் கிடங்கு கட்டியது. கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லம் என்று நிற்கும் அதே கட்டடம்தான். 1897-ல் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கியதால் அந்தப் பெயர். அந்தப் பக்கத்துப் பேட்டையை இன்னும் நாம் ஐஸ் ஹவுஸ் என்றுதான் சொல்கிறோம். 1874-ல் சென்னையிலும் 1878-ல் வங்காளத்திலும் இயந்திரத்தில் ஐஸ் செய்யும் கம்பெனிகள் வந்தன. அமெரிக்க ஐஸ் வியாபாரம் படுத்தது. நம் வீட்டுக்குள் ஐஸ் வர இன்னும் எண்பது வருஷம் ஆயிற்று. இந்தியாவில் தயாரான முதல் கோத்ரெஜ் ஃப்ரிட்ஜ் 1958-ல்தான் வந்தது.

காபியையும் குளிரையும் சேர்த்தது யார்? 1840-ல் அல்ஜீரியாவில் மஸக்ரான் என்ற கோட்டையில் முற்றுகைக்குள் சிக்கிய பிரெஞ்சு சிப்பாய்கள் காபியில் பச்சைத் தண்ணீர் கலந்து குடித்தார்கள் என்று ஒரு கதை. அந்தப் பழக்கம் பாரீசுக்குப் போய், உயரமான கண்ணாடி டம்ளரில் 'மஸக்ரான்' என்ற பெயரிலேயே விலைபோனது. கவனியுங்கள், அதில் சேர்த்தது தண்ணீர். பால் இல்லை.

அடுத்தது கிரேக்க நாடு. 1957, தெஸ்ஸலோனிகி நகரத்தில் சர்வதேசப் பொருட்காட்சி. நெஸ்லே கம்பெனிக்காரர்கள் குழந்தைகளுக்கான சாக்லேட் பானம் ஒன்றைப் பாலில் போட்டுக் குலுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே வேலை பார்த்த டிமிட்ரிஸ் வகோண்டியோஸுக்கு இடைவேளையில் காபி வேண்டும், வெந்நீர் கிடைக்கவில்லை. இன்ஸ்டன்ட் காபித்தூள், சர்க்கரை, பச்சைத் தண்ணீர் மூன்றையும் அதே குலுக்கும் டப்பாவில் போட்டு ஆட்டினார். கெட்டியாக நுரை வந்தது. அதுதான் 'ஃப்ராப்பே', பிறகு கிரேக்கர்களின் கோடைக்காலப் பானமே ஆனது. இன்ஸ்டன்ட் தூளில் எண்ணெய்ப் பசை மிகக் குறைவு என்பதால் நுரை சீக்கிரம் உடையாது. கிரேக்கத்தில் ஃப்ராப்பே சொல்லும்போது சர்க்கரை எவ்வளவு என்பதுதான் முதல் பேச்சு. பால் வேண்டுமானால் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். குலுக்கி அடித்த குளிர்காபியின் அசலே பால் இல்லாததுதான், மக்களே!

பிறகு பால் எப்படி உள்ளே வந்தது? மறுபடியும் பாஸ்டன். அந்த ஊர்ப் பக்கம் மில்க் ஷேக்குக்கே 'ஃப்ராப்' என்று பெயர். அங்கே ஜார்ஜ் ஹோவெல் நடத்திய 'காபி கனெக்‌ஷன்' கடைகளில் 1990-களின் தொடக்கத்தில் 'ஃப்ராப்புச்சினோ' பிறந்தது. 1994-ல் ஸ்டார்பக்ஸ் அந்தக் கடைகளை விலைக்கு வாங்கியது, பெயரும் கூடவே போனது. 1995-ல் அமெரிக்கா முழுக்கப் பரவியது. 1996-ல் பெங்களூர் பிரிகேட் ரோட்டில் முதல் கஃபே காபி டே, 2012-ல் மும்பையில் முதல் ஸ்டார்பக்ஸ். 1833-ல் ஐஸ் அனுப்பிய அதே பாஸ்டன், நூற்றறுபது வருஷம் கழித்து பாலும் ஐஸும் சேர்ந்த காபியை அனுப்பிவைத்தது. அதாவது, என் மகளின் வயிற்றைக் கலக்கும் அந்தப் பெரிய கிளாஸுக்கு அவளைவிட ஒரு பத்துப் பதினைந்து வயசுதான் கூட.

இங்கே கொல்கத்தாவில் கல்லூரித் தெரு காபி ஹவுஸில் பால் இல்லாத காபிக்கு 'இன்ஃப்யூஷன்' என்று கௌரவமான பெயர். பேராசிரியர்களும் கவிஞர்களும் ஒரு கோப்பை இன்ஃப்யூஷனை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பேசுவார்கள். அம்மாவை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனேன். "இது நம்ம கடுங்காப்பில்லா!" என்றார். அதேதான். பெயர் மாறினால் மரியாதை வந்துவிடுகிறது.

கடைசியாக, பாலுக்குப் பதில் பால். 1910 வாக்கில் லீ யூயிங் என்ற சீனர் சோயாப் பாலுக்கு ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கி, பாரீஸ் பக்கத்தில் தொழிற்சாலையே நடத்தினார். 1990-களில் ஸ்வீடனில் ரிக்கார்ட் ஓஸ்டே என்ற விஞ்ஞானி ஓட்ஸில் நொதி சேர்த்து ஓட்ஸ் பால் செய்தார். இதற்கெல்லாம் பால் என்று பெயர் வைக்கலாமா என்று பெரிய வழக்கு நடந்து, 2017-ல் ஐரோப்பிய நீதிமன்றம் கூடாது என்றது. 2021-ல் நம் உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அதே வழியில் போனது. ஆனால் தேங்காய்ப்பாலுக்கு மட்டும் இரண்டு இடத்திலும் விலக்கு. ஆப்பத்துக்கும் சொதிக்கும் தலைமுறை தலைமுறையாகத் தேங்காய்ப்பால் பிழிந்த நம் வீட்டில் இந்த வழக்கைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

இனி செய்முறை. இரண்டு பெரிய டம்ளருக்கு.

1. முந்தின நாளே நாலு ஸ்பூன் குவித்து காபித்தூள் போட்டு, ஃபில்டரில் 150 மில்லி கெட்டி டிகாஷன் இறக்குங்கள். சிக்கரி கலந்த தூளே நல்லது, பால் இல்லாத குறையை அந்தக் கெட்டித்தன்மை ஈடுகட்டும். ஆறியதும் 100 மில்லியை ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறைய வையுங்கள். மீதி 50 மில்லி ஃப்ரிட்ஜில். வெறும் ஐஸ் போட்டால் கரையக் கரைய காபி நீர்த்துவிடும். டிகாஷனே ஐஸானால் அந்தத் தொல்லை இல்லை.

2. பன்னிரண்டு முந்திரியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு முதலில் விழுதாக அரையுங்கள். அப்புறம் தண்ணீர் சேர்த்து 200 மில்லி ஆக்குங்கள். ஒரே தடவையில் எல்லாத் தண்ணீரையும் ஊற்றினால் முந்திரி ஓடி ஓடித் திப்பியாக நிற்கும்.

3. கருப்பட்டி 50 கிராம் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, கட்டாயம் வடிகட்டி (மண் இருக்கும்), ஆறவைத்து மூன்று டேபிள் ஸ்பூன்.

4. டிகாஷன் ஐஸை வெளியே இரண்டு நிமிஷம் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு ஒரு சிட்டிகை உப்பு சேருங்கள், கசப்பு அடங்கும். முதலில் விட்டு விட்டு நாலைந்து சுற்று, ஐஸ் உடைந்த பிறகு அரை நிமிஷம் வேகமாக. முதலிலேயே வேகம் வைத்தால் பிளேடு போகும்.

முந்திரிக்குப் பதில் தேங்காய்ப்பால் போடுகிறவர்கள் முதல் பாலைத் தவிர்த்து இரண்டாம் பால் எடுங்கள். தேங்காய்க் கொழுப்பு 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், கெட்டிப் பால் என்றால் ஐஸ் பட்டதும் வாயில் மெழுகுத் துணுக்கு மாதிரி நிரடும். எப்படியானாலும் சூடான டிகாஷனில் இந்தப் பால்களை ஊற்றாதீர்கள், சோயா திரிந்தே போய்விடும்.

செலவுக் கணக்கு: முந்திரி, தூள், கருப்பட்டி எல்லாம் சேர்த்து என் வீட்டில் இரண்டு டம்ளருக்கு நாற்பது, ஐம்பது ரூபாய். மாலில் ஒரு கிளாஸுக்கு முன்னூறுக்கு மேல். வித்தியாசத்தை ரெக்கரிங் டெபாசிட்டில் போடலாம் :-)

போன ஞாயிறு மகள் தன் தோழிகள் நாலு பேரை வீட்டுக்குக் கூப்பிட்டு இதைத்தான் கொடுத்தாள். அதில் இரண்டு பெங்காலிப் பெண்கள், தங்களுக்கும் பால் ஆகாது, வெளியில் சொன்னதில்லை என்றார்களாம்.

டிஸ்கி: லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதது வேறு, பால் அலர்ஜி வேறு. அலர்ஜி என்றால் ஒரு சொட்டும் ஆபத்து, டாக்டரைப் பாருங்கள். முந்திரி அலர்ஜி உள்ளவர்களும் உண்டு, விருந்தாளிக்குக் கொடுக்குமுன் கேட்டுவிடுங்கள். கைக்குழந்தைகளுக்கு இந்த மாற்றுப் பால்கள் எதுவும் பாலுக்கு ஈடாகாது.

உங்கள் ஊரில் பால் இல்லாத காபிக்கு என்ன பெயர்? கடுங்காப்பி, வரக்காப்பி இரண்டும் எனக்குத் தெரியும். வேறு இருந்தால் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.